அமுக்காமல் விட்ட காட்சி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது. கூடப் பிறந்த இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்ட கதை. பிடித்தார்கள். ஆனால் பிடித்த இரண்டு பேருக்குமே பிடித்தது தெரியாது. அது எப்படி என்று முகத்தைச் சுருக்குகிறீர்கள் அல்லவா, அதைத்தான் சொல்லப் போகிறேன். இடையில் எழுந்து போகாதீர்கள். கதையைப் பாதியில் விட்டுப் போனால் அது உங்கள் பின்னாலேயே வந்து தொந்தரவு செய்யும்.

நடந்த காலம் நமக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. ஊர் சங்கரன்கோவில். கோயில் அதே கோயில், பேருந்து நிலையத்து நெரிசலும் அதேதான். மனிதர்களின் காதுக்குப் பின்புறம் மட்டும் மாறியிருந்தது. அங்கே மிளகளவில் ஒரு மணி ஒட்டியிருக்கும். நினைவு மணி என்று பேர். மணி, மணி என்றே எல்லாரும் சொல்வார்கள்.

அந்த ஊரில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவள் முப்பிடாதி. ஆள் ஒல்லி. தோள் மட்டும் காமிரா சுமந்து சுமந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். காமிராவின் கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னப் பொத்தான் உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அமுக்கினால் அந்தக் காட்சிக்கு ஓர் அடையாளம் விழும். தொழிலில் அதற்கு மார்க் போடுவது என்று பேர். முன்பெல்லாம் அது பின்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவருக்கு உதவி, அவ்வளவுதான். ‘இங்கே பாரப்பா, இது முக்கியம்’ என்று காதைக் கிள்ளிச் சொல்வது மாதிரி.

மணி வந்த பிறகு கதை வேறாகிவிட்டது. கல்யாண வீடியோவை யார் திரும்பப் பார்த்தார்கள், சொல்லுங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். அதனால், மார்க் போட்ட காட்சிகளை மட்டும் எடுத்து வீட்டார் எல்லாருடைய மணியிலும் வார்த்துவிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். வார்த்துவிட்டால் வீடியோ பார்க்கவே வேண்டாம். தாலி கட்டினது இன்று காலையில் நடந்தது மாதிரி, மல்லிகைப்பூ வாசனையோடு, எத்தனை வருஷமானாலும் மனசில் நிற்கும். மார்க் விழாத காட்சிகளைக் காமிரா வைத்துக்கொள்ளாது. சில நாளில் தானாகவே கரைத்துவிடும்.

ஆக, ஒரு குடும்பம் எதை நினைத்திருக்க வேண்டும் என்பது முப்பிடாதியின் வலது கைக் கட்டைவிரலில் இருந்தது. அவள் மட்டும் மணி வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஊரார் கல்யாணம் எல்லாம் தலைக்குள் வந்து குடியிருந்தால் அவள் எங்கே போய் இருப்பாள்?

தொழிலுக்கென்று இரண்டு கட்டுப்பாடு இருந்தது. முதலாவது, அழுகையை அமுக்காதே. யாரோ ஒரு காமிராக்காரர், மகளை அனுப்பிவைக்கும்போது தாய் அழுததை அமுக்கிவிட்டாராம். மகள் அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள், தினம் வந்து காபி குடித்துவிட்டுப் போவாள். தாய்க்காரி அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டே, மகள் போய்விட்டாளே என்று அழுவாளாம். பிறகு யார் அமுக்குவார்கள்? இரண்டாவது, அமுக்கினதுதான் பார்த்தது. நாலு வீட்டுக்குள் நுழைந்து வருகிற தொழில். அமுக்காததைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது.

இரண்டும் நல்ல கட்டுப்பாடுதான் கண்ணுகளா. நல்லதும் சில நேரம் நெஞ்சை அறுக்கும்.

எண்ணெய் மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருந்த தங்கப்பழத்தின் மகளுக்குக் கல்யாணம். முப்பிடாதிக்கு முக்கால்வாசி வேலை அந்த மண்டபத்தில்தான். தங்கப்பழத்துக்கு லிங்கதுரை என்று ஒரு தம்பி இருந்தார். தெற்கு ரத வீதிக்குப் பின்னால் லேத் பட்டறை. இரண்டு பேரும் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. தாயார் இறந்தபோது வந்த சண்டை. அந்தப் பக்கத்து வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி, தாய்க்கு இளையவன் கொள்ளி. லிங்கதுரை வெளியூர் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள், மழை வரும்போல இருக்கிறது என்று மூத்தவர் வைத்துவிட்டார். மழை வரவே இல்லை. தம்பி சுடுகாட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டார், அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அன்றோடு சரி.

கல்யாணத்தன்று முப்பிடாதி எல்லாவற்றையும் முறையாக அமுக்கினாள். தாலி, மெட்டி, தாரை வார்த்தது, மாப்பிள்ளையின் சின்னப் பெரியம்மா வேண்டுமென்றே இரண்டு தடவை குலவை போட்டது. கூட்டம் மொய் வைக்க மேடையில் வரிசை கட்டியதும், பந்தி விரிப்பதை எடுக்கலாம் என்று சாப்பாட்டு அறைப் பக்கம் போனாள்.

கை கழுவும் குழாயடியில் லிங்கதுரை நின்றிருந்தார். சட்டை புதுசு, மடிப்புக் கூடக் கலையவில்லை. உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். பந்தியைப் பார்க்க வந்த தங்கப்பழம் அவரைப் பார்த்து நின்றார். அக்கம்பக்கத்தில் வேறு ஆள் இல்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏலேய் தூக்குச்சட்டி” என்றார் தங்கப்பழம். குரல் உடைந்திருந்தது. “இப்பதான் வழி தெரிஞ்சுதால?”

ஈரக் கை இரண்டையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். “அண்ணே” என்றார் தம்பி. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார், அது நிற்கவில்லை. “சாப்பிடாமப் போயிராத. மறுவீடு முடியட்டும், வீட்டுக்கு வா. வரணும் என்ன.”

முப்பிடாதியின் விரல் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. அழுகை என்று கண்டதும் தானாக எழுந்துகொண்டது. தூக்குச்சட்டி என்ற சொல்லும் அவள் காதில் விழுந்திருந்தது. பந்தி நேரம் அல்லவா, சாம்பாரைத் தூக்கச் சொல்கிறார், தம்பியைப் பந்தி வேலைக்கு அனுப்புகிறார், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து யாரோ காமிரா காமிரா என்று கூப்பிட, போய்விட்டாள்.

அந்த வாரமே மணியில் வார்த்தார்கள். பிறகு ஒருநாள் மத்தியானம் லிங்கதுரை முப்பிடாதியின் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம், பிரிக்காமல் இருந்தது. காதுக்குப் பின்னால் மணி இல்லை.

“மணி வைக்கலியா அண்ணாச்சி?” என்று பேச்சுக்குக் கேட்டாள்.

“மிளகு ரசத்துல கிடந்தாப் பத்தாதாம்மா” என்றார். சிரிக்கவில்லை. “அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரு வரச் சொன்னாருன்னுதான் போனேன். வாசல்லயே நிறுத்தி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தேங்காரு. நீங்கதான வரச் சொன்னியன்னேன். நானா? உன்னையான்னு கேட்டுக் கதவைச் சாத்திட்டாரு. நடிக்கல. அவரு மூஞ்சி எனக்குத் தெரியும்லா, நிசமாவே அவருக்குத் தெரியல.”

முப்பிடாதி மேசைமேல் இருந்த காமிராவைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

“குழாயடியில நீங்க காமிராவோட நின்னிய. பாத்தியள்லா?”

அவள் கண்முன்னே அந்த ஈரக் கைகள் வந்தன. கூடவே தங்கப்பழத்தின் மண்டபமும் வந்தது. முக்கியமானதை அமுக்காமல் விட்டாள் என்று ஊர் பேசுமே என்பதும் வந்தது. அமுக்கினதுதான் பார்த்தது என்ற கட்டுப்பாடு, ஒளிந்துகொள்ள வாகான கதவு மாதிரி திறந்திருந்தது.

“அன்னைக்கு ஒரே கூட்டம் அண்ணாச்சி” என்றாள். “எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.”

அவர் அவளையே பார்த்தார். “படத்துல இருக்குமே?”

“அமுக்கல. கரைஞ்சிருக்கும்.”

“அப்ப நான் ஒருத்தன்தான் பாத்தனோ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். “பிள்ளையளுக்குக் குடுங்க” என்றபடி படியிறங்கினார். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அன்று சாயந்தரம் அவள் மணிக்கடை ஜெபராஜிடம் போனாள். மணியில் காட்சி வார்க்கிறவன் அவன்தான். வாய் ஓயாதவன், ஆனால் கெட்டவன் இல்லை.

“ஏம்ப்பா, மார்க் விழாததை மனுசங்க மறந்துருவாவளா?”

“யாருக்கா அப்படிச் சொன்னது? மறக்கிறதுலாம் இல்ல. மங்கும்.”

“எப்படி மங்கும்?”

“உங்க வீட்டுல குண்டு பல்பு எரியிது. பக்கத்துல திருவிழா லைட்டப் போட்டா பல்பு அணைஞ்சா போச்சு? எரியத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாது. வார்த்த காட்சிக்குப் பக்கத்துல, அதே நாள், அதே மண்டபத்துல நடந்தது எதுவும் தெரியாது. பத்து வருசத்துக்கு முந்தினது, பத்து நாளைக்குப் பிந்தினது, அதெல்லாம் அப்படியே இருக்கும்.”

“இதை யாருகிட்டயும் சொல்றதில்லையே நீ?”

“கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கல. கல்யாண நாள்ல தாலி கட்டுனது ஞாபகம் இருந்தாப் போதாதாக்கா? வேற என்ன நடந்துரப் போவுது?”

வேற என்ன நடந்துவிடப் போகிறது. அவள் அதைச் சுமந்துகொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்தாள். மிட்டாய்ப் பொட்டலத்தை எறும்பு மொய்த்திருந்தது.

மாதங்கள் போயின. முகூர்த்தம் முகூர்த்தமாக அமுக்கினாள். ஒரு கல்யாணத்தில் பந்தியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பரிமாறுகிற இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

“சாம்பார் எங்க வே, எல வத்திப் போச்சு. அந்தத் தூக்குச்சட்டிய எடும்.”

“தூக்குச்சட்டியா? நீரு என்ன பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போறீரா? பந்திக்கு வாளி வே, வாளி. தூக்குச்சட்டி சாம்பாரு உம்ம ஒருத்தருக்கே காணாது.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பிடாதிக்குக் காமிரா கனத்தது. எத்தனை பந்தி எடுத்திருக்கிறாள், வாளி தவிர எதையாவது பார்த்திருக்கிறாளா? மூடி போட்ட சின்னப் பாத்திரத்தில் யார் பந்திக்குச் சாம்பார் ஊற்றினார்கள்? அன்றைக்கு அவர் பாத்திரத்தைச் சொல்லவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வேலை ஏவினார் என்று தானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு, அது சின்ன விஷயம் என்று இத்தனை நாள் தன்னையே சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

மறுநாள் எண்ணெய் மில்லுக்குப் போனாள். எள் வாசனைக்கு நடுவே தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, மண்டபத்துல ஏதும் பிரச்சனையா?”

“இல்ல அண்ணாச்சி. உங்க மக கல்யாணத்துல ஒண்ணு அமுக்காம விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க தம்பி வந்திருந்தாவ. குழாயடியில நீங்க அவுக கையப் பிடிச்சிய. அழுதிய. வீட்டுக்கு வான்னு சொன்னிய.”

அவர் முகம் கறுத்தது. “அவன் உன்னை அனுப்புனானா?”

“அவுக வந்து சாட்சி கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னவ நான். அவுக எப்படி என்னை அனுப்புவாவ?”

“எம்மா, என் மக கல்யாணம் எனக்குக் கல்லுல வெட்டின மாதிரி இருக்கு. இப்படி ஒண்ணு நடந்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் அவன் கைய நான் தொட்டதே கிடையாது.”

“ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டிய.”

“என்ன பேரு?”

“ஏலேய் தூக்குச்சட்டி, இப்பதான் வழி தெரிஞ்சுதாலன்னு.”

தங்கப்பழம் எழுந்து போய்ச் செக்கை நிறுத்தச் சொன்னார்.

“அதை யாரு உனக்குச் சொன்னது?”

“நீங்கதான் சொன்னிய. நான் பக்கத்துல நின்னேன்.”

“சின்னப் பயலா இருக்கும்போது” என்று ஆரம்பித்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் பள்ளிக்கூடம் போனா பின்னாலயே வருவான். அவனுக்குப் பள்ளிக்கூட வயசு இல்ல. என் தூக்குச்சட்டிய அவன்தான் தூக்குவான், குடுக்க மாட்டான். சட்டி தரையில இழுபடும், அவ்வளவுதான் உசரம். ஒருநா வழி தவறி ராத்திரி வரைக்கும் காணோம். திரும்பி வந்தப்ப நான் அப்படித்தான் கேட்டேன், இப்பதான் வழி தெரிஞ்சுதாலன்னு. எங்கம்மா சிரிச்சா. அந்தப் பேரு எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனும் வெளிய சொல்ல மாட்டான், வெக்கப்படுவான்.” தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார், அங்கே ஏதாவது ஒட்டியிருக்குமா என்பது போல. “இந்தக் கைதான் பிடிச்சுதா? எனக்குத் தெரியலியே. அவன் வாசல்ல வந்து நின்னப்ப நான் என்ன சொன்னேன்னு தெரியுமாம்மா? அது மட்டும் நல்லாத் தெரியுது.”

அவரே வண்டியை எடுத்தார். அவளும் போனாள்.

கதவைத் திறந்தது லிங்கதுரையின் மனைவி சொர்ணம். யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து லிங்கதுரை வந்தார். வந்தவர் நின்றார். “வாங்க” என்றார். அண்ணே என்று வரவில்லை. வெறும் வாங்க. மின்கணக்கு எடுக்க வந்தவரைச் சொல்வது மாதிரி. “உக்காருங்க. காப்பி சாப்பிடுதியளா?”

அவர் திரும்பியபோது காதுக்குப் பின்னால் அந்த மிளகு பளபளத்தது.

முப்பிடாதி சொர்ணத்தைப் பார்த்தாள். “எப்ப வச்சாவ?”

“நாந்தான் வைக்கச் சொன்னேன்” என்றாள் சொர்ணம் மெதுவாக. “என்ன பாடு பட்டாவ தெரியுமா? அண்ணன் இல்லங்காரு, காமிராக்காரம்மா இல்லங்காவ, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாட்டின்னு கேட்டுக் கேட்டு ராவும் பகலும் தூக்கம் இல்ல. நாந்தான் சொன்னேன், ஒரு மணிய வச்சு அந்தக் கல்யாணத்தை வார்த்துப் பாத்திருங்க, நடந்திருந்தா அதுல வந்திரும்லான்னு. வச்சாவ. அதுல வரல. அதுக்கப்புறம் கேக்கிறதையே விட்டுட்டாவ. நல்லாத் தூங்குதாவ.”

சாட்சி தேடித்தான் அந்த மனிதர் மணியை வைத்திருக்கிறார் கண்ணுகளா. அது அவரிடம் இருந்ததையும் எடுத்துக்கொண்டது. முப்பிடாதி அன்றைக்கு ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் அந்தக் கடைப்படி ஏறியிருக்க மாட்டார்.

“தம்பி” என்றார் தங்கப்பழம். “மக கல்யாணத்தன்னைக்கு நீ வந்தே. நான் உன் கையப் பிடிச்சேன்.”

“கல்யாணத்துக்கு வந்தேன். பின்னால நின்னேன். தாலி கட்டுனது நல்லா இருந்துச்சு” என்றார் லிங்கதுரை மரியாதையாக. “நீங்க என்னைப் பாக்கல. அதுக்கப்புறம் வெக்கமில்லாம உங்க வீட்டுக்கு வந்தேன் பாருங்க, அது ஏன் வந்தேன், நீங்க வரச் சொன்னியன்னு ஏன் சொன்னேன்னுதான் இன்னும் எனக்கு விளங்கல. தப்பா நினைக்காதிய.”

தங்கப்பழம் முப்பிடாதி பக்கம் திரும்பினார். “சொல்லும்மா. நீ பாத்ததைச் சொல்லு.”

அவள் சொன்னாள். காமிரா இல்லாமல், பொத்தான் இல்லாமல், வெறும் வாயால். புதுச்சட்டையின் மடிப்பு, ஓடிய குழாய்த் தண்ணீர், கழுவிக் கழுவி ஈரமான கை, துண்டால் துடைத்தும் நிற்காத கண். ஒன்றையும் விடவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கோயில் கொடைத் திருவிழாவில் கதை கேட்கிறவர்கள் மாதிரி, தங்கள் கதையையே கேட்டார்கள். தூக்குச்சட்டி என்ற இடம் வந்ததும் லிங்கதுரையின் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பா என்னவோ.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். “யாரோ ரெண்டு பேருக்கு நடந்த மாதிரி இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான்ல இருக்கு” என்றார் தங்கப்பழம்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. தங்கப்பழம் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். “அம்மாவுக்குக் கொள்ளி நீதான் வச்சிருக்கணும். மழை வரும்னு சொன்னது பொய். நீ வந்து அழுறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் அவசரப்படுத்துனேன்.”

லிங்கதுரை தன் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அண்ணனிடம் கேட்காமல் முப்பிடாதியிடம் கேட்டார். “இதையும் அன்னைக்குச் சொன்னாவளா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் இல்லை என்பார்கள்? அவள் ஒருத்திக்குத்தானே தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அவள் ஏற்கெனவே ஒரு பொய்யை விதைத்து, அது காதுக்குப் பின்னால் முளைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“இல்ல அண்ணாச்சி. இது இப்பத்தான் சொல்லுதாவ.”

லிங்கதுரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான். கட்டிக்கொள்ளவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ஒருமுறை கல்யாணத்தில் வந்து நிற்பதற்கே, எத்தனை வருஷத்து வீறாப்பை இறக்கி வைக்கும் தெம்பை அவர் சேர்த்து வைத்திருந்தாரோ, அது செலவாகிப் போய்விட்டது. செலவானதும் அவருக்குத் தெரியாது. இனி புதிதாகச் சேர்த்துத்தான் செலவழிக்க வேண்டும். அதற்கு நாள் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

அவர்கள் எழுந்தார்கள். தங்கப்பழம் வாசலில் செருப்பை மாட்டும்போது கால் தடுமாறியது. லிங்கதுரையின் கை கொஞ்சம் முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டது.

“படி பாத்து இறங்குங்க” என்றார். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், உள்ளே திரும்பப் போனவர் நின்று, “போயிட்டு வாங்க” என்றார்.

போங்க என்று சொல்லவில்லை. போயிட்டு வாங்க என்றார். தமிழில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற சொல்தான், மின்கணக்கு எடுக்க வந்தவருக்கும் சொல்வார்கள். அதில் வா என்பது இருந்ததா, வெறும் வழக்கமா என்று யாருக்குத் தெரியும்? முப்பிடாதி வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காமிரா ஸ்டுடியோவில் இருந்தது. ஆனாலும் அவள் வலது கைக் கட்டைவிரல், ஒன்றுமில்லாத காற்றில், தன் ஆட்காட்டி விரல்மேல் ஒருதரம் அழுந்தியது.

இதுதான் கதை. அந்தக் குழாயடியில் இரண்டு கைகள் சேர்ந்தது இந்த உலகத்தில் கொஞ்ச காலம் ஒரே ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டும் இருந்தது, அதுவும் சம்பந்தமே இல்லாத ஒருத்தியிடம். இப்போது உங்களிடமும் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் அவருடைய சின்ன வயதுப் பேர் உங்கள் வாயில் முதலில் வரட்டும். உங்கள் வீட்டில் பிடித்த கை, யாரும் அமுக்காமலே நிலைக்கட்டும். அழுகிறவர்களுக்கு அழ ஒரு தோளும், மறந்து போனதை எடுத்துச் சொல்லப் பொய் சொல்லாத ஒரு வாயும் உங்கள் குடும்பத்துக்கு எப்போதும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், ஆள் குறையாமல் நன்றாக இருங்கள். போய்விட்டு வாருங்கள்.